பொறியியல் மாணவர்களுக்கான தொடக்கநிலைக் கணினிப் பயிற்சி

பொறியியல் மாணவர்களுக்கான தொடக்கநிலைக் கணினிப் பயிற்சி என்பது, குடிசார், இயந்திர, மின் பொறியியல் என எத்துறையில் சேரும் மாணவருக்கும் முதலாண்டிலேயே கணினிக் கருவிகளையும் நிரலாக்க அடிப்படைகளையும் அறிமுகப்படுத்தும் பாடம் ஆகும். ஒரு சிக்கலைக் கணினி செய்யக்கூடிய சிறு படிகளாகப் பிரிக்கப் பழக்குவது இதன் முதன்மை நோக்கம்.

வரலாறு

இந்தியாவில் இப்பயிற்சி தொடக்கக் காலத்தில் வேரூன்றிய இடங்களுள் ஒன்று கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம். அங்கு 1963 இல் ஐபிஎம் 1620 கணினி நிறுவப்பட்டது. மாணவர்கள் போர்ட்ரான் மொழியில் நிரல் எழுதக் கற்றனர். ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் அங்கு கற்பித்ததோடு, மாணவர்கள் வாங்கக்கூடிய விலையில் வெளிவந்த நிரலாக்கப் பாடநூல்களையும் எழுதினார்.

தமிழ்நாட்டில்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008 ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் முதற்பருவ ஆய்வகப் பயிற்சி சொற்செயலி, விரிதாள், எளிய சி நிரல்கள் என மூன்று பகுதிகளாக அமைந்தது. அட்டவணை அமைத்தல், பாய்வுப்படம் வரைதல், விரிதாளில் வாய்பாடு இடுதல் ஆகியன அதில் அடங்கின. 2017 ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் சிக்கல் தீர்த்தலும் பைத்தான் நிரலாக்கமும் என்னும் பாடம் முதற்பருவத்தில் இடம்பெற்றது.

எடுத்துக்காட்டு

இப்பாடத்தில் வரும் இரு தேடல் முறைகள் இதன் நோக்கத்தை விளக்கும். ஏறுவரிசையில் உள்ள 1000 பதிவெண்களில் ஒன்றைத் தேடுவதாகக் கொள்வோம். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் 1000 ஒப்பீடுகள் வரை தேவைப்படலாம். நடுவில் உள்ள எண்ணுடன் ஒப்பிட்டு, தேவையற்ற பாதியை ஒவ்வொரு முறையும் நீக்கினால் 10 ஒப்பீடுகளுக்குள் விடை கிடைக்கும். சி, பைத்தான் என எம்மொழியில் எழுதினாலும் இவ்வேறுபாடு மாறாது.

தமிழ்வழி மாணவர்களும் நிரலாக்கமும்

2010 இல் அண்ணா பல்கலைக்கழகம் குடிசார், இயந்திரப் பொறியியல் படிப்புகளைத் தமிழ்வழியிலும் தொடங்கியது. எனினும் சி, பைத்தான் ஆகியவற்றின் குறிச்சொற்கள் ஆங்கிலத்திலேயே உள்ளன. கணினி காட்டும் பிழைச்செய்திகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. எனவே தமிழ்வழியில் பயின்ற மாணவர் புதிய சிந்தனை முறையையும் ஆங்கிலத்தையும் ஒருங்கே கற்க வேண்டியுள்ளது. பிழைச்செய்தி புரியாதபோது, தவறு தம் தீர்வுமுறையில் உள்ளதா, எழுத்துப்பிழையா என்று பிரித்தறிவது அவருக்குக் கடினமாகிறது.

இத்தடையைக் குறைக்கும் முயற்சிகளுள் ஒன்று, முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழி. பைத்தானை அடிப்படையாகக் கொண்ட இம்மொழியில் பதிப்பி, ஆனால், இல்லை, முடி போன்ற தமிழ்ச் சொற்களே கட்டளைகளாக அமைகின்றன. நிபந்தனை, மடக்கு ஆகிய கருத்துகளை இதில் கற்ற மாணவர், அவற்றைப் பிற நிரல்மொழிகளிலும் பயன்படுத்தலாம்.