மனிதனுக்கு வேலி, சிங்கத்துக்குச் சுதந்திரம்!

மிருகக்காட்சி சாலையில் சிங்கம் கூண்டுக்குள் இருக்கும். நாம் வெளியே நின்று பார்ப்போம். தென் ஆப்பிரிக்காவில் உள்ள குரூகர் தேசியப் பூங்காவில் எல்லாம் தலைகீழ்! சிங்கம் வெளியே திரியும். நாம் காருக்குள் இருக்க வேண்டும்.

1926-ல் ஏற்பட்ட இந்தப் பூங்காவின் பரப்பு சுமார் 20 ஆயிரம் சதுர கிலோமீட்டர். யானை, சிறுத்தை, காண்டாமிருகம், காட்டெருமை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் அங்கே உண்டு.

இறங்காதே!

50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் கார் ஓட்டக்கூடாது. குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறு எங்கும் இறங்கக்கூடாது. பொழுது சாய்ந்ததும் முகாமின் வாசலை மூடிவிடுவார்கள். மனிதர்கள் வேலிக்குள் தூங்க வேண்டும்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? 1903-ல் நடந்ததைக் கேளுங்கள்.

சிங்கத்தின் வாயில்...

அப்போதே அந்தக் காட்டின் ஒரு பகுதி சரணாலயமாக இருந்தது. காவலர் ஹாரி வோல்ஹூட்டர் குதிரையில் வந்துகொண்டிருந்தார். இருட்டிவிட்டது. திடீரென்று ஒரு சிங்கம் குதிரை மேல் பாய்ந்தது. அவர் கீழே விழுந்தார். இன்னொரு சிங்கம் அவருடைய வலது தோளைக் கவ்வி இழுத்துச் சென்றது.

இடுப்பில் கத்தி இருந்தது. இடது கையால் அதை உருவினார். சிங்கத்தின் உடம்பில் இரண்டு குத்து. கழுத்தில் ஒரு குத்து! பிடி விட்டது. சிங்கம் விலகிப்போய்ச் செத்தது.

இரத்தம் சொட்டச் சொட்ட மரத்தில் ஏறினார். மயங்கி விழாமல் இருக்கத் தம்மை மரத்தோடு கட்டிக்கொண்டார். முதல் சிங்கம் திரும்பி வந்தது. அவருடைய நாய் குரைத்து அதைத் தடுத்தது. பின்னால் வந்த ஆட்கள் அவரைக் காப்பாற்றினார்கள்.

பயந்து ஊருக்கு ஓடினாரா? இல்லை! 1946 வரை அதே காட்டில் காவல் புரிந்தார்.

அந்தக் கத்தியும் சிங்கத்தின் தோலும் ஸ்குகூசா முகாமில் வைக்கப்பட்டிருக்கின்றன. அதைப் பார்த்தவர்களுக்கு, “காரை விட்டு இறங்காதே” என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.