சம்பளமில்லா நிர்வாகிகள், குறையாத சுமை: அடுக்குமாடிச் சங்கங்களுக்கு விடிவு எப்போது?

புதுதில்லி: தலைநகரின் துவாரகா, ரோகிணி, பட்பர்கஞ்ச் ஆனாலும், அண்டை மாநில எல்லைக்குள் இருக்கும் நொய்டா, குருகிராம் ஆனாலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நிலைமை ஒன்றுதான். பெரிய குடியிருப்புகளில் ஒரு சிற்றூரின் மக்கள்தொகை உண்டு. குடிநீர், துப்புரவு, தெருவிளக்கு, காவல், வாகன நிறுத்தம் என ஓர் ஊராட்சி கவனிக்க வேண்டிய அனைத்தையும் அங்கே கவனிப்பவர்கள், வீட்டு உரிமையாளர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவினர். அவர்களுக்கு ஊதியமில்லை, பயிற்சியுமில்லை. பகலில் அலுவலகம், இரவில் சங்கக் கணக்கு என்பதே செயலர், பொருளாளரின் வாழ்க்கை.

நள்ளிரவில் லிப்ட் நின்றாலும், விடியற்காலையில் தண்ணீர் வராவிட்டாலும் செயலரின் வீட்டுக் கதவுதான் தட்டப்படுகிறது. நன்றிச் சொல் அரிது. ஊழல் பழி எளிது. தேர்தல் அறிவித்தால் போட்டியிட ஆள் கிடைப்பதில்லை என்ற புலம்பல் பல சங்கங்களில் கேட்பதற்கு இதுவே காரணம்.

கூடிக்கொண்டே போகும் கடமைகள்

பக்கத்துப் பக்கத்து நகரங்களில் ஒரே மாதிரியான கட்டடங்கள். ஆனால் சட்டங்கள் வெவ்வேறு. தில்லியின் கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்களுக்கு 2003ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டமும் 2007ஆம் ஆண்டின் விதிகளும் பொருந்தும். நொய்டாவில் உத்தரப் பிரதேச அடுக்குமாடிச் சட்டம் 2010. குருகிராமில் ஹரியாணா அடுக்குமாடி உரிமைச் சட்டம் 1983. அதனுடன் சங்கப் பதிவுக்கென 2012ஆம் ஆண்டின் தனிச் சட்டம்.

இவற்றுக்கு மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய பொறுப்புகள் சேர்ந்துகொண்டே வந்துள்ளன. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பெரிய குடியிருப்பு வளாகங்கள் குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும் என்றன. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்களுக்கு உணவிடும் இடத்தை ஏற்பாடு செய்யும் பொறுப்பைக்கூட குடியிருப்போர் சங்கங்களிடம் ஒப்படைத்தன. லிப்ட் பதிவு, பராமரிப்பு ஒப்பந்தம், காப்பீடு ஆகியவற்றுக்கென உத்தரப் பிரதேசம் 2024இல் தனிச் சட்டமே இயற்றியது.

வரி விஷயம் இன்னும் சிக்கலானது. காவல், துப்புரவு ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்கும்போது, தொகை வரம்பைத் தாண்டினால் வருமான வரியைப் பிடித்தம் செய்து அரசுக்குச் செலுத்த வேண்டியவர் பொருளாளர். பராமரிப்புக் கட்டணத்துக்கான ஜிஎஸ்டி விலக்கு வரம்பு 2018 ஜனவரியில் வீட்டுக்கு மாதம் ரூ. 5,000இலிருந்து ரூ. 7,500 ஆக உயர்த்தப்பட்டது. வரம்பைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2019இல் சுற்றறிக்கை விட்டது. கூடுதல் தொகைக்கு மட்டுமே வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூலையில் தீர்ப்பளித்தது. வரி வாரியமும் நீதிமன்றமும் மாறுபட்ட ஒன்றில், ஓய்வு நேரப் பொருளாளர் தவறாமல் முடிவெடுக்க வேண்டுமாம்!

குழு இல்லாவிட்டால்?

இது நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தின் சில்லறைப் பிரச்னை என்று ஒதுக்கிவிட முடியாது. நொய்டாவின் எமரால்டு கோர்ட் குடியிருப்பே சான்று. விதியை மீறி எழுப்பப்பட்ட இரட்டைக் கோபுரங்களை எதிர்த்து 2012இல் அலாகாபாத் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது அங்குள்ள குடியிருப்போர் சங்கம். 2014இல் இடிக்க உத்தரவு; 2021 ஆகஸ்ட் 31இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது; 2022 ஆகஸ்ட் 28இல் கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. சங்கத்துக்கு ரூ. 2 கோடி வழங்கவும் கட்டுமான நிறுவனத்துக்கு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பத்தாண்டுக் காலம் ஒரு வழக்கைத் தாங்கி நிற்க அங்கே ஒரு சங்கம் இருந்தது. குழாய் பழுதுக்கும் குப்பைச் சண்டைக்குமே குழுவின் நேரம் போய்விடும் குடியிருப்பில் இத்தகைய போராட்டத்தை யார் நடத்துவது?

குழு முடங்கினால் வேறோர் ஆபத்தும் உண்டு. தில்லி கூட்டுறவுச் சட்டத்தின்படி, செயல்படாத குழுவை நீக்கிவிட்டு நிர்வாகியை நியமிக்கப் பதிவாளருக்கு அதிகாரம் உண்டு. அதன்பிறகு தங்கள் வீட்டு விவகாரத்தில் உரிமையாளர்களே மனுதாரர்கள் ஆகிவிடுவர்.

முடிவு குழுவுக்கு, வேலை ஊழியருக்கு

சுமையைக் குறைக்கும் வழி எளியது: முடிவெடுப்பது வேறு, செய்து முடிப்பது வேறு எனப் பிரிப்பது. பிரான்சில் 1965ஆம் ஆண்டின் சட்டப்படி கட்டடத்தின் அன்றாட நிர்வாகம் 'சாந்திக்' எனப்படும் நிர்வாகியின் பொறுப்பு. பெரும்பாலும் அவர் தொழில்முறையாளர். உரிமையாளர்களின் குழு அவரைக் கண்காணிக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் உரிமம் பெற்ற நிர்வாக முகவர்கள் உள்ளனர்; பெரிய பழுதுகளுக்குப் பத்தாண்டுத் திட்டம் வகுப்பதும் அங்கு கட்டாயம்.

இங்கே அது கட்டுப்படியாகாது என்பர். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 வீடுகள், வீட்டுக்கு மாதம் ரூ. 4,000 என்றாலே சங்கத்தின் ஆண்டு வரவு ரூ. 48 லட்சம். மேலாளர் ஒருவருக்கு மாதம் ரூ. 30,000 ஊதியம் என்றால் வீட்டுக்கு ரூ. 300தான். பன்னிரண்டு வீடுகள் கொண்ட சிறு கட்டடங்கள் நான்கைந்து சேர்ந்து ஒரு கணக்கரைப் பகிர்ந்துகொள்ளலாம்.

புகார்கள் செயலரின் கைப்பேசிக்கு அன்றி மேலாளரின் பதிவேட்டுக்குச் செல்ல வேண்டும். தண்ணீர், பாதுகாப்பு, கணக்கு என மும்மூன்று பேர் கொண்ட துணைக் குழுக்கள், ஆண்டு முழுவதற்குமான வரி, தணிக்கை, ஒப்பந்தப் புதுப்பிப்பு நாள்காட்டி, குழு மாறும்போது ஆவணங்களை எழுத்துமூலம் ஒப்படைப்பது ஆகியவை போதும். பாதிச் சுமை இறங்கிவிடும். ஆனால் காசோலையில் கையெழுத்திடும் அதிகாரமும் ஒப்பந்தத்தை இறுதி செய்யும் உரிமையும் குழுவிடமே இருக்க வேண்டும். மேலாளரே எஜமானர் ஆகிவிட்டால் நோய் போய்ப் பேய் வந்த கதையாகிவிடும்.

நாடாளுமன்றம் செய்ய வேண்டியது

2016 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றிய வீட்டு மனை ஒழுங்குமுறைச் சட்டம் வீடு வாங்குவோருக்குப் பெரும் பாதுகாப்பு. சங்கம் அமைக்கக் கட்டுமான நிறுவனம் வழிசெய்ய வேண்டும், பொது இடங்களையும் ஆவணங்களையும் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும், ஐந்தாண்டுகளுக்குள் வெளிப்படும் கட்டுமானக் குறைகளைத் தன் செலவில் சீராக்க வேண்டும் என்றெல்லாம் அது கூறுகிறது. ஆனால் ஒப்படைத்த பிறகு சங்கத்தை நடத்தப்போகிறவர்களுக்கு என்ன துணை என்பதில் அது அக்கறை காட்டவில்லை.

நிலமும் கூட்டுறவும் மாநிலப் பட்டியலில் இருப்பவை. சட்டத் திருத்தங்கள் மாநிலங்களிலிருந்தே வர வேண்டும். ஆயினும் 2021இல் கூட்டுறவுக்கெனத் தனி அமைச்சகம் கண்ட மத்திய அரசு மாதிரி விதிகளை வகுக்கலாம். மேலாளர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தரலாம். சிறு சங்கங்களுக்கு ஒரே எளிய ஆண்டுக் கணக்குப் படிவத்தைக் கொண்டுவரலாம். இலவசமாக வேலை செய்ய ஆள் இருக்கிறார்கள் என்பதற்காக ஒவ்வோர் அரசுத் துறையும் தன் வேலையை அவர்கள் தலையில் இறக்கிவைப்பது இனியும் தொடரக் கூடாது. தன்னார்வத்துக்கும் ஓர் எல்லை உண்டு!