ஹாரோகேட்டில் துப்பறியும் கதைப் பட்டறை

இங்கிலாந்தின் ஹாரோகேட் நகரில் 2003இல் தொடங்கிய குற்றப்புனைவு விழா ஜூலை மாதத்தில் நடக்கிறது. இடம் ஓல்டு ஸ்வான் ஹோட்டல். 1926 டிசம்பரில் காணாமல்போன அகதா கிறிஸ்டி, 11 நாள் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டது இங்கேதான்.

விழாவின் வியாழக்கிழமை, எழுதப் பழகுவோருக்கானது. பெயர்பெற்ற எழுத்தாளர்கள் வகுப்பெடுப்பார்கள். துணிந்தவர்கள் தங்கள் நாவலைச் சில நிமிடங்களில் முகவர்கள், பதிப்பாசிரியர்கள் முன் சொல்லலாம். புதியவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அரிது.

இத்தகைய பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் பாடம், கதையை முடிவிலிருந்து கட்டுவது. கொன்றவர் யார், ஏன், எப்படி என்பதைத் தீர்மானித்த பிறகே முதல் அத்தியாயம். துப்பு வாசகர் கண்ணில் பட வேண்டும். கருத்தில் தங்கக் கூடாது. அலமாரிச் சாமான்களை வரிசையாகச் சொல்லும்போது நடுவில் விஷப்புட்டியையும் சொல்லிவிடுவது பழைய உத்தி. எழுத விரும்புவோர் இப்படித் துப்பை ஒளித்துவைக்கும் ஒரு பத்தியை இன்றே எழுதிப் பார்க்கலாம்.