ஜிம் மூடிவிட்டது, கட்டிய பணத்தை விட்டுவிடாதீர்கள்

வேளாங்கண்ணி, செருதூர், பரவை, திருப்பூண்டிப் பக்கத்து இளைஞர்கள் அடிக்கடி கொண்டுவருகிற புகார் இது. ஆண்டுச் சந்தா கட்டி ஜிம்மில் சேருகிறார்கள். மூன்று நான்கு மாதம் போனதும் ஒரு நாள் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. 'மெஷின் சர்வீஸ்' என்று ஒரு அட்டை தொங்குகிறது. அடுத்த வாரம் அட்டையும் இல்லை, மெஷினும் இல்லை. உரிமையாளரின் போன் அணைந்து கிடக்கிறது, வாட்ஸ்அப் குழுவும் கலைந்துவிட்டது. "போனா போகுது சார், ஆறாயிரம்தானே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். விடுதியில் அறை சுத்தம் செய்கிறவரின் சம்பளத்தில் அது பெரும்பங்கு. கடலுக்குப் போகிறவருக்கோ ஏப்ரல் 15 முதல் 61 நாள் நீளும் மீன்பிடித் தடைக்காலத்துக்கு எடுத்துவைக்க வேண்டிய பணம். அதை ஏன் விட வேண்டும்?

ஜிம்கள் மூடப்படுவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 1932இல் மும்பையில் தொடங்கி நாடு முழுவதும் கிளை பரப்பிய தல்வால்கர்ஸ் நிறுவனமே 2019இல் கடன் பத்திர வட்டியைக் கட்ட முடியாமல் சரிந்தது. கொரோனா ஊரடங்கில் தமிழ்நாட்டு ஜிம்கள் 2020 மார்ச்சில் மூடப்பட்டு ஆகஸ்ட் 10 அன்றுதான் திறந்தன. மறு ஆண்டு இரண்டாம் அலை வந்து மறுபடியும் மூட வைத்தது. அமெரிக்காவில் கோல்ட்ஸ் ஜிம் 2020 மே மாதம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. வேளாங்கண்ணி போன்ற ஊரில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. யாத்ரீகர்களுக்கு அறை விட்டால் கிடைக்கிற வருமானத்துக்கு முன்னால், மாடிக் கூடத்துக்கு ஜிம்காரர் தரும் வாடகை கட்டட உரிமையாளருக்குச் சிறிதாகத் தெரிகிறது.

நடத்த முடியாமல் மூடுவது குற்றமல்ல. மூடப்போவது தெரிந்தும் 'இன்று மட்டும் ஆஃபர்' என்று சொல்லி ஓராண்டுப் பணத்தை வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் குற்றம். நியூயார்க் மாநிலத்தில் உறுப்பினர்களிடம் முன்பணம் வாங்கும் ஜிம்கள், மூட நேர்ந்தால் அதைத் திருப்பித் தருவதற்காகப் பிணைத்தொகை கட்டிவைக்கச் சட்டம் இருக்கிறது. இங்கே அப்படி ஒரு சட்டம் வரும்வரை உங்கள் பணத்துக்கு நீங்கள்தான் காவல். ஆகவே முதல் எச்சரிக்கை: மாதச் சந்தாவுக்கு மேல் கட்டாதீர்கள். தள்ளுபடி எவ்வளவு என்றாலும், மிஞ்சினால் மூன்று மாதம். 'லைஃப் டைம் மெம்பர்ஷிப்' என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் கட்டும்போது ரசீது கேளுங்கள். கேட்டால் "ஜிபே ஸ்கிரீன்ஷாட் போதும் தம்பி" என்பார்கள். போதாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரசீது தராமல் இருப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. ரசீதில் ஜிம்மின் பெயர், உரிமையாளர் பெயர், முகவரி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்ற விவரம், தொகை எல்லாம் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி என்று தனியாக வாங்கினால் அவர்களின் 15 இலக்க எண் அச்சாகியிருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் சேவைக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இன்னமும் 18 போட்டால் ஏனென்று கேளுங்கள். பேரூராட்சி வழங்கிய தொழில் உரிமம் சுவரில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் இருக்கும் பெயரும் முகவரியும் பின்னால் உதவும்.

இனி, ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்தவர்களுக்கு. இதைப் பொறுமையாகப் படியுங்கள். பாதியில் விடுகிறவர்கள்தான் அதிகம்.

முதல் வேலை, வாட்ஸ்அப் குழு கலைவதற்குள் உரையாடல் முழுவதையும் 'எக்ஸ்போர்ட்' செய்து வைப்பது. ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்காதவர்கள் கைவிட வேண்டியதில்லை. அடையாள அட்டை, கட்டணப் பலகையின் படம், வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயர், "பணம் வந்துவிட்டது" என்று உரிமையாளர் அனுப்பிய குறுஞ்செய்தி எல்லாம் சான்றுதான். போனில் இருப்பதை அச்செடுத்துக் கொடுக்கும்போது 2023ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவில் சொல்லப்பட்ட சான்றிதழை இணைக்க வேண்டும். பூட்டிய ஷட்டரைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள்.

அடுத்தது அறிவிப்புக் கடிதம். வக்கீல் தேவையில்லை, வெள்ளைத்தாளில் தமிழில் எழுதலாம். எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினீர்கள், எத்தனை மாதம் பயிற்சி செய்தீர்கள், எந்தத் தேதியில் மூடப்பட்டது, எவ்வளவு திரும்ப வர வேண்டும் என்று எழுதுங்கள். பன்னிரண்டு மாதத்துக்கு 6,000 ரூபாய் கட்டி நான்கு மாதம் போயிருந்தால் மீதி எட்டு மாதத்துக்கு 4,000 ரூபாய். 'கட்டிய பணம் திரும்பத் தரப்பட மாட்டாது' என்று படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைக் காட்டிப் பயமுறுத்தினால் மசியாதீர்கள். தராத சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறைதான். ரசீதில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. கடிதத்தில் 15 நாள் அவகாசம் கொடுங்கள். ஜிம் முகவரிக்கு ஒன்று, உரிமையாளரின் வீட்டு முகவரிக்கு ஒன்று. பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், 'பதிவு' சேவையும் ஒப்புகையும் வேண்டும் என்று கவுன்டரில் கேட்டு வாங்குங்கள். 'ஆள் இல்லை' என்று குறித்து உறை திரும்பி வந்தால் பிரிக்காதீர்கள். பிரிக்காத அந்த உறையே சான்று. இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து நிற்கிறவர்கள் எத்தனை பேர்!

கெடு முடியக் காத்திருக்கும்போதே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம். பெயர் பெற்ற நிறுவனம் என்றால் சில நேரம் அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் அது சமரசம் பேசும் இடம்தான். உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு இல்லை. 1915இல் புகார் எண் வாங்கிவிட்டேன், வழக்கு போட்டாயிற்று என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் இருந்துவிடாதீர்கள்.

வழக்குப் போட வேண்டிய இடம் நாகப்பட்டினத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். சட்டத்தின் 35ஆம் பிரிவில் புகார் கொடுக்க வேண்டும். நீங்கள் செலுத்திய தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ஜிம் திருச்சியிலோ சென்னையிலோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இந்த வசதி 2020 ஜூலை 20 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது கிடைத்தது. இன்னமும் "ஜிம் எங்கே இருக்கோ அங்கே போ" என்று யாராவது திருப்பி அனுப்பினால், 34ஆம் பிரிவைச் சொல்லுங்கள். நேரில் போக முடியாதவர்கள் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் தாக்கல் செய்யலாம்.

புகார் மனுவோடு தேதிவாரியான நிகழ்வுப் பட்டியல், ஆவணங்களுக்கு வரிசை எண் போட்ட அட்டவணை, சொன்னதெல்லாம் உண்மை என்ற உறுதிமொழிப் பத்திரம், ஆதார் நகல் ஆகியவற்றை வையுங்கள். ஆணையத்துக்கு ஒன்று, எதிர்தரப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒன்று, உங்கள் கைக்கு ஒன்று என்ற கணக்கில் பிரதிகள் எடுங்கள். எதிர்தரப்பு என்ற இடத்தில் ஜிம்மின் பெயரை மட்டும் எழுதுவதுதான் பலர் செய்யும் பிழை. உரிமையாளர், பங்குதாரர்கள் எல்லோரையும் வீட்டு முகவரியோடு சேருங்கள். பெயர்ப் பலகை ஊரை விட்டுப் போய்விடும். அவர்கள் வீடு போகாது. மீதித் தொகை, வட்டி, மனஉளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாவற்றையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள். நீங்கள் கேட்காததை ஆணையம் தராது.

புகாரை ஏற்பதா என்பதை வழக்கமாக 21 நாளில் முடிவு செய்ய வேண்டும். எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும். கூடுதலாக 15 நாள் மட்டுமே தரலாம். ஆய்வகச் சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா போகிறது. அதற்கு அஞ்சி ஒதுங்காதீர்கள். உத்தரவு வந்தும் பணம் தராதவருக்கு 72ஆம் பிரிவின்படி ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டும் சேர்த்தோ உண்டு.

எல்லாவற்றுக்கும் மேல் இது: பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் ஆணையத்தில் இருக்க வேண்டும். "திருவிழா முடியட்டும், அறுவடை முடியட்டும்" என்று தள்ளிப்போட்டு இரண்டு ஆண்டு மூன்று மாதத்தில் வருகிறார்கள். தக்க காரணம் சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம்தான். திருவிழா ஒரு காரணம் ஆகாது.

நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டால் வழி வேறு. அப்போது அதன்மேல் நுகர்வோர் வழக்கு நகராது. செய்தித்தாளில் வரும் பொது அறிவிப்பைப் பார்த்து, நியமிக்கப்பட்ட திவால் தீர்வு அலுவலரிடம் அறிவிப்பில் சொன்ன தேதிக்குள் உங்கள் பாக்கியைக் கோரிப் படிவம் கொடுக்க வேண்டும்.

சந்தாவை இஎம்ஐ போட்டுக் கட்டியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஜிம் மூடினாலும் கடன் உங்கள் பெயரில்தான். தவணையைச் சட்டென்று நிறுத்தினால் சிபில் மதிப்பெண் விழும்; நாளை படகுக்கோ டிராக்டருக்கோ கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். ஜிம் மூடிய செய்தியைக் கடன் தந்த நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். வழிகாட்டும் எண் 14448.

காவல் நிலையத்துக்குப் போனால் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போ" என்ற பதில் தயாராக இருக்கிறது. மூடுவதற்கு முந்தின வாரம்கூடப் புதிய ஆட்களைச் சேர்த்திருந்தால், பலரிடம் ஒரே மாதிரி வாங்கியிருந்தால், அது பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவின் மோசடி. பாதிக்கப்பட்டவர்கள் சேர்ந்து போங்கள், எழுத்தில் கொடுங்கள், மனு ஏற்பு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள்.

பணம் போனால் திரும்ப வாங்கலாம். உடம்பு போனால் எங்கே கேட்பது? கூட்டம் குறைந்த ஜிம்மில் சந்தாவில் வராத வருமானத்தைப் பவுடரிலும் ஊசியிலும் தேடுகிறார்கள். காவலர் தேர்வுக்கும் அக்னிவீர் தேர்வுக்கும் உடம்பைத் தேற்ற வருகிற பையன்களிடம் மெபென்டர்மின் ஊசி விற்கப்படுகிறது. அது அறுவைச் சிகிச்சை மயக்கத்தில் ரத்த அழுத்தம் இறங்கும்போது மருத்துவர் போடுகிற மருந்து. ஆரோக்கியமானவர் போட்டுக்கொண்டால் ரத்த அழுத்தம் எகிறும், இதயத் துடிப்பு தடுமாறும், பழக்கமாகவும் பிடித்துக்கொள்ளும். ஸ்டீராய்டு ஊசி வளரும் வயதில் எலும்பு வளர்ச்சியை நிறுத்திவிடும். பெரியவர்களுக்கு விந்தணு உற்பத்தியை முடக்கும். ஒரே ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவியும் கல்லீரல் அழற்சியும் வரலாம். மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்பது சட்டவிரோதம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் செய்யுங்கள். ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள் ஒளிக்காமல் ஒரத்தூரில் உள்ள நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசி வேண்டாம். எந்த டிரெய்னர் சொன்னாலும் வேண்டாம்.

பவுடரும் அப்படியே நம்பத் தக்கதல்ல. இந்தியச் சந்தையில் விற்ற 36 புரதப் பொடிகளைக் கேரள மருத்துவர்கள் சோதித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 70 சதவீதத்தில் புரத அளவு லேபிளில் சொன்னபடி இல்லை. 14 சதவீதத்தில் பூஞ்சை நச்சு இருந்தது. டப்பாவில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லையென்றால் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322க்குப் படத்தோடு அனுப்பலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, பகுப்பாய்வுக்குக் கொடுக்கப்போவதாக வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்துவிட்டு, கட்டணம் செலுத்தி நீங்களே சோதிக்கக் கேட்கலாம். தவறு நிரூபணமானால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தஞ்சாவூரிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது.

ஜிம் மூடுகிறது என்பதற்காக எடைப் பயிற்சியை விட வேண்டாம். நாற்று நடவும் அறுப்பும் இயந்திரத்துக்குப் போய்விட்ட டெல்டாவில் அது முன்னைவிட அவசியமாகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் சேர்த்துத்தான். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, ஒரு ஜோடி டம்பெல் இருந்தால் வீட்டுத் திண்ணையே போதும். மூடுகிற ஜிம்மின் சாமானை மலிவாக வாங்குகிறவர்கள், அது கடனில் வாங்கிய பொருளா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நிதி நிறுவனத்தார் உங்கள் வாசலுக்கு வருவார்கள்.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு இடத்தில். 2016இல் அறிவிக்கப்பட்ட அம்மா உடற்பயிற்சிக் கூடங்களும், பூங்காக்களில் வைத்த திறந்தவெளிக் கருவிகளும் மக்கள் வரிப்பணம். பல இடங்களில் அவை பூட்டியும் துருப்பிடித்தும் கிடக்க, அவற்றின் வாசலைக் கடந்துபோய்த் தனியாரிடம் முன்பணம் கட்டி ஏமாறுகிறார்கள் இளைஞர்கள். சாவி யாரிடம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. வாயால் கேட்காதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனு எழுதுங்கள். பேரூராட்சி என்றால் செயல் அலுவலர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு; கிராம ஊராட்சி என்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. கருவிகளின் இருப்புப் பதிவேட்டு நகல், வாங்கிய தொகை, பராமரிப்புச் செலவு, திறக்கும் நேரம், பொறுப்பாளரின் பதவி ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்; வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. கிடைத்த பதிலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை நாகை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள்.

மூடிய ஜிம்மில் பணம் நிற்கிறவர்கள் இன்றைக்கே ரசீதைத் தேடி எடுத்து, ஷட்டர் இறங்கிய தேதியைப் பாருங்கள். இரண்டு ஆண்டு ஆகவில்லையென்றால் நாளைக்கே அறிவிப்புக் கடிதத்தைத் தபாலில் சேருங்கள்.