"எங்கே நடக்க, டாக்டரய்யா?"

சர்க்கரை நோய்க்கு மருந்து கேட்டு வந்த நெல்லை டவுன் பாட்டியிடம், "சாப்பிட்டதும் கொஞ்சம் நடங்க" என்றேன். "எங்கே நடக்க டாக்டரய்யா? வாசலைவிட்டு இறங்குனா வண்டில்லா நிக்கி!" என்றார்.

நியாயமான கேள்வி! தேரையரின் நோய் அணுகா விதியிலேயே சாப்பாட்டுக்குப் பின் சிறுநடை உண்டு. 10 நிமிடம் நடந்தாலே ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். ஆனால், இடம் வேண்டுமே?

நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதிகள். ஆனித் தேரோட்டத்துக்கு வண்டிகளை அகற்றுகிறோம். மற்ற நாட்களில்? சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கினார்களே, இங்கும் முடியாதா?

வாசகர்களே, பக்கத்துக் கடைக்கு ஸ்கூட்டரை எடுக்காதீர்கள். எடுத்தாலும் ஓரத்தை மறித்து நிறுத்தாதீர்கள். வண்டிக்கு ஒதுங்கி, தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் வயதானவர்கள் எழுந்து நடமாடுவதே கஷ்டம்.

பாட்டியைக் கோயில் பிரகாரத்தில் நடக்கச் சொல்லியிருக்கிறேன். தேருக்கு வழிவிடும் வீதி, பாட்டிக்கும் வழிவிடட்டும்!