அயடீனைப் பீங்கானுக்குள் பூட்ட முடியுமா?

கடையில் வாங்கும் உப்புப் பொதியில் ‘அயடீன் சேர்க்கப்பட்டது’ என்று எழுதியிருக்கும். இலங்கையில் 1995 முதல் அது கட்டாயம். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பிக்கு அயடீன் தேவை. குறைந்தால் கழலை வரும். ஆனால் சாதாரண அயடீனையும் கதிரியக்க அயடீனையும் பிரித்தறிய அந்தச் சுரப்பிக்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றுபோல உறிஞ்சிச் சேர்த்துவைக்கும். அணுக்கழிவுகளில் அயடீன் தனிக் கவனம் பெறுவது இதனால்தான்.

எங்கள் கொழும்புத்துறையிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் வடக்கே கல்பாக்கம் சுமார் 320 கிலோமீற்றர். தென்மேற்கே கூடங்குளம் சுமார் 300. கொழும்பு நகரமும் ஏறக்குறைய அதே தூரந்தான். 2011இல் இடிந்தகரை மக்கள் கூடங்குளம் உலையை எதிர்த்துத் திரண்டபோது இங்கும் அதைப் பற்றிப் பேசினோம். நான் கேட்ட பேச்சில் பெரும்பகுதி விபத்தைப் பற்றியது. விபத்தே நடக்காவிட்டாலும் சேர்ந்துகொண்டிருக்கும் கழிவு அதில் அதிகம் வரவில்லை.

எட்டு நாளும் ஒன்றரைக் கோடி ஆண்டும்

1986 செர்னோபில் விபத்துக்குப் பின் சிறுவர்களுக்குத் தைரொயிட் புற்றுநோயைக் கொண்டுவந்தது அயடீன்-131. எட்டு நாளில் அது பாதியாகும். மூன்று மாதத்தில் ஏறக்குறைய அழிந்துவிடும். அணுக்கழிவில் எஞ்சியிருப்பது அயடீன்-129. அது பாதியாக 1 கோடியே 57 இலட்சம் ஆண்டுகள் வேண்டும். மெதுவாகச் சிதைவதால் அதன் கதிர்வீச்சு பலவீனமானது. சிக்கல் அதன் நடமாட்டத்தில் இருக்கிறது. அது நீரில் பெரும்பாலும் எதிர்மின்னேற்றத்துடன் கரைந்திருக்கும். களிமண்ணின் மேற்பரப்பும் எதிர்மின்னேற்றம் கொண்டது. ஆகவே மண் அதைப் பிடித்துவைப்பதில்லை. நிலத்தடி நீரோடு போய்விடும்.

கண்ணாடி ஏன் போதாது?

கல்பாக்கத்தில் 1998 முதல் எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலை இயங்குகிறது. இத்தகைய ஆலைகளில் பயன்படுத்திய எரிபொருளை வெட்டி, நைத்திரிக் அமிலத்தில் கரைத்து, யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுப்பார்கள். மிஞ்சும் உயர் கதிரியக்கத் திரவக் கழிவைக் கண்ணாடியோடு உருக்கி உறையவைப்பது இந்தியா உட்படப் பல நாடுகளின் வழக்கம்.

அயடீன் இதற்கு இசையாது. அதன் கொதிநிலை 184 பாகை செல்சியஸ். கண்ணாடி உருகுவதோ 1000 பாகை அளவில். எரிபொருள் அமிலத்தில் கரையும்போதே அயடீனின் பெரும்பகுதி வாயுவாக வெளியேறிவிடும். வெள்ளி பூசிய வடிகட்டிகளால் அதைப் பிடிக்கலாம். ஆனால் பிடித்த பிறகு அந்த வடிகட்டியே கழிவாகிறது. பிரான்சின் லா ஹேக், பிரித்தானியாவின் செல்லாபீல்ட் ஆலைகள் அயடீனைப் பெருமளவில் கடலில் விட்டன. அதன் தடத்தை ஆய்வாளர்கள் ஆர்க்டிக் கடல்வரை கண்டிருக்கிறார்கள்.

பல்லுக்குள் இருக்கும் கனிமம்

உருக்காமல், ஒரு படிகத்தின் கட்டமைப்புக்குள்ளேயே அயடீனுக்கு இடம் கொடுப்பதுதான் பீங்கான் வழி. சோடாலைற்று என்ற கனிமத்தில் சிறு கூடுகள் உண்டு. இயற்கையில் குளோரின் இருக்கும் அந்த இடத்தில் அயடீனை அமர்த்தலாம். மற்றது அபற்றைற்று. எங்கள் பற்களின் மிளிரியும் எப்பாவலவில் உரத்துக்காக அகழும் பாறையும் இந்த வகைதான். அதில் கல்சியத்துக்குப் பதில் ஈயத்தையும் பொசுபரசுக்குப் பதில் வனேடியத்தையும் வைத்தால், பெரிய அணுவான அயடீனும் உள்ளே பொருந்துகிறது.

ஆனால் பீங்கானைச் சுட வேண்டும். சுட்டால் அயடீன் ஓடும். அதனால் தூளை உலோகக் கலத்தில் அடைத்து, காற்றுப்புகாமல் மூடி, சூடாக்கியபடியே எல்லாப் பக்கமும் உயர் அழுத்த வாயுவால் நெருக்கும் முறையைப் பரிசோதிக்கிறார்கள். கலம் மூடியிருப்பதால் அயடீனுக்குப் போக வழியில்லை.

இதிலும் தடைகள் உண்டு. ஈயம் தானே நஞ்சு. ஆய்வுகூடத்தில் சில மாதங்களோ ஆண்டுகளோ சோதித்துவிட்டு, கோடி ஆண்டுக்கு உறுதி சொல்ல வேண்டியிருக்கிறது. பீங்கான் தயாரானாலும் அதைப் புதைக்க ஆழ்நிலக் கிடங்கு வேண்டும். அப்படியொன்று இந்தியாவில் இன்னும் இயங்கவில்லை. கூடங்குளத்தில் பயன்படுத்திய எரிபொருளுக்குச் சேமிப்பகம் கட்டுவது குறித்து 2019இல் அறிவித்த மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் எதிர்ப்பால் தள்ளிப்போனது.

2015 பெப்ரவரியில் இலங்கையும் இந்தியாவும் அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. கதிரியக்கக் கழிவு முகாமைத்துவமும் அதன் விடயங்களில் ஒன்று. எனவே, கல்பாக்கத்தில் பிரியும் அயடீன் எவ்வளவு, எதில் அடைக்கப்படுகிறது, கடலுக்கு எவ்வளவு போகிறது என்று கொழும்பு டெல்லியிடம் முறைப்படி கேட்கலாம். பாக்கு நீரிணையின் இரு கரையிலும் வலை வீசுபவர்களுக்கு அந்தப் பதில் தெரிய வேண்டும்.