விசர் என்று சொல்லப்பட்ட ஞானம்

1974ஆம் ஆண்டு. எங்கள் ஊர்க் கோவிலில் இராப்போசன ஆராதனை நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்குமே எழுதி வைக்கப்படாத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சட்டம் அந்தக் கோவிலில் இருந்தது. முன் வாங்குகளில் வெள்ளாளர், கதவோரத்துக் கடைசி வாங்குகளில் மற்றவர்கள். திராட்சைரசக் கிண்ணமும் அதே ஒழுங்கில் முன்னாலிருந்து பின்னால் போகும். அன்று அம்மா எழும்பி நடந்துபோய்க் கடைசி வாங்கில் இருந்தார். அங்கிருந்த பெண்கள் குடித்த பின்பு அதே கிண்ணத்தில் குடித்தார். வீட்டுக்கு வந்ததும் மாமா சொன்னது ஒரே வசனம்தான்: "அக்காவுக்கு விசர் பிடிச்சிட்டுது."

நான் அப்போது பல்கலைக்கழக மாணவன். சாதியத்துக்கு எதிராகச் சிறு சஞ்சிகைகளில் எழுதிக்கொண்டிருந்தவன். அன்று நான் இருந்தது முன் வாங்கில், மாமாவுக்குப் பக்கத்தில். தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. நான் எழும்பவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று பிறகு அம்மாவிடம் கேட்டபோது, "பவுல் கொரிந்தியருக்கு எழுதினதை வாசி" என்று மட்டும் சொன்னார். அதைக் கவனமாக வாசிக்க எனக்கு இருபது வருடங்களுக்கு மேல் பிடித்தது. அதுவும் ஜேர்மனியில், ஒரு உணவகச் சமையலறையில் கோப்பை கழுவி முடித்த இரவுகளில். என்னை விசுவாசி என்று சொல்லிக்கொள்ள என்னால் முடியாது. அவிசுவாசி என்று சொல்வதற்கும் முன்பிருந்த துணிவு இப்போது இல்லை. இக்கட்டுரையில் நான் விளக்க முயல்வது அந்த நிருபத்தின் முதல் அத்தியாயங்களில் உள்ள ஒரு கருத்தை: உலகம் மடமை என்று தள்ளுவதில் தேவஞானம் இருக்கிறது என்பதை.

முதலில் அந்த நகரத்தைப் பார்க்கவேண்டும். கி.மு. 146இல் உரோமர்கள் கொரிந்தை அழித்தார்கள். கி.மு. 44இல் யூலியஸ் சீசர் அதை உரோமக் குடியேற்றமாக மறுபடி உருவாக்கினார். அங்கு குடியேற்றப்பட்டவர்களில் பெருந்தொகையினர் விடுதலை பெற்ற அடிமைகள். இரு கடல்களுக்கு இடையில் அமைந்த வியாபார நகரம். பழைய குலப்பெருமை இல்லாத இடத்தில் புதிய பெருமைகள் வேகமாக முளைக்கும். பணம், பேச்சுவன்மை, பெரிய மனிதரின் ஆதரவு ஆகியவையே அங்கு மதிப்பைத் தீர்மானித்தன. (புலம்பெயர்ந்த நமக்கு இது விளங்காத விடயமல்ல.) முதலாம் நூற்றாண்டின் ஐம்பதுகளில் பவுல் நிருபம் எழுதியபோது அங்கிருந்த சிறு சபை, யார் பக்கம் சிறந்த பேச்சாளர் என்று கட்சி பிரிந்து நின்றது. அதைவிட மோசமானது அவர்களுடைய பொது விருந்து. வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டுக் குடித்து வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். அந்நிருபத்தின் பதினோராம் அத்தியாயம் இதைத்தான் கண்டிக்கிறது. முதல் அத்தியாயத்தின் 'மடமை' பற்றிய பேச்சை இந்த விருந்திலிருந்து பிரித்து வாசித்தால் அது வெறும் தத்துவ அலங்காரமாகிவிடும். அம்மா பிரித்து வாசிக்கவில்லை.

பவுல் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'மோரியா'. மடமை, புத்தியீனம் என்று நமது மொழிபெயர்ப்புகள் சொல்கின்றன. எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்குச் சரியான சொல் விசர்தான். சிலுவையில் கொல்லப்பட்ட ஒருவனை ஆண்டவன் என்பது அக்காலத்தவர் காதில் அப்படித்தான் விழுந்திருக்கும். நமக்குச் சிலுவை கழுத்துச் சங்கிலியில் தொங்கும் நகை. உரோமருக்கு அது அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய தண்டனை. கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸின் அடிமை எழுச்சி நசுக்கப்பட்டபோது, கப்புவாவிலிருந்து உரோம் வரையுள்ள பெருந்தெருவில் ஆறாயிரம் பேர் சிலுவைகளில் தொங்கவிடப்பட்டார்கள். உரோமக் குடிமகன் அந்தச் சொல்லைக் காதாலும் கேட்கக்கூடாது என்று நீதிமன்றத்தில் வாதாடினார் சிசரோ. கடவுள் அங்கே, அந்தத் தெருவோரத்தில், அடிமையின் இடத்தில் இருக்கிறார் என்று ஒருவன் சொன்னால் படித்தவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

அந்தச் சிரிப்பின் தடயம் ஒன்று இன்றும் இருக்கிறது. உரோமின் பலத்தீன் குன்றில், அரச மாளிகை ஊழியர்கள் பயன்படுத்திய கட்டடம் ஒன்றின் சுவரில் கீறப்பட்ட படம் 1857இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஏறத்தாழ கி.பி. 200 அளவில் கீறப்பட்டிருக்கலாம் எனக் கருதப்படுகிறது. சிலுவையில் கழுதைத் தலையுடைய ஓர் உருவம். கீழே கையுயர்த்தி நிற்கும் ஓர் இளைஞன். அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான் என்று பிழையான கிரேக்கத்தில் நையாண்டி. சிலுவையில் அறையப்பட்ட யேசுவின் மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்றாகக் கருதப்படுவது இந்தக் கேலிச் சித்திரம்தான். கிறிஸ்தவர்கள் அந்தக் காட்சியைத் தாங்களே வரையத் துணிய இன்னும் நீண்டகாலம் எடுத்தது.

சைவ நண்பர்கள் இங்கே சுந்தரரை நினைக்கலாம். அவர் இறைவனைப் பித்தன் என்று அழைத்தே பாடத் தொடங்கினார். ஆனால் வேறுபாடு உண்டு. சிவனின் பித்து அவனுடைய பேராற்றலின் விளையாட்டு. பவுல் சொல்லும் மடமை ஆற்றலைக் கைவிட்டதால், தோற்றதால், அரசால் கொல்லப்பட்டதால் வந்த மடமை.

இதை மிக நன்றாக விளங்கிக்கொண்டவர் கிறிஸ்தவத்தின் மாபெரும் எதிரியான நீட்சே என்று நினைக்கிறேன். 1888இல் எழுதி 1895இல் வெளிவந்த 'கிறிஸ்துவுக்கு எதிரி' என்ற நூலில் பவுலின் இதே பகுதியை எடுத்துக்கொண்டு தாக்குகிறார். ஞானிகள் அதிகமில்லை, வலியவர்கள் அதிகமில்லை, உயர்குலத்தார் அதிகமில்லை, உலகம் இழிந்தது என்பவற்றையே கடவுள் தெரிந்தெடுத்தார் என்ற கருத்துக்கு அவர் வைத்த பெயர் 'சண்டாள ஒழுக்கம்'. ஐரோப்பியத் தத்துவவாதி ஒருவர் பவுலை இகழ்வதற்கு நமது சாதி அமைப்பிலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்கவேண்டியிருந்தது! நீட்சேயின் மதிப்பீட்டை நான் ஏற்கவில்லை. ஆனால் அவருடைய வாசிப்பு சரியானது. எங்கள் ஊர்க் கோவில் பவுலை அறிக்கையிட்டபடி நீட்சேயைக் கடைப்பிடித்தது. நானும்தான்.

சரி, இந்த 'மடமை' வரலாற்றில் என்ன ஆனது? 312க்குப் பின் கொன்ஸ்தன்ரைன் மன்னனின் ஆட்சியோடு சிலுவை அரச சின்னமாகத் தொடங்கியது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கீசரிடமும் சிலுவை இருந்தது. நம்மிடம் அது வந்து சேர்ந்தபோதே வென்றவனின் சின்னமாகிவிட்டிருந்தது. ஆனாலும் பழைய விசர் முற்றாக அழியவில்லை. ரஷ்யாவில் 'கிறிஸ்துவுக்காகப் பித்தரானோர்' என்ற மரபு இருந்தது. கந்தலோடு தெருவில் திரிந்து, மற்றவர்கள் வாய்திறக்கப் பயந்த உண்மையைச் சொன்னவர்கள் இவர்கள். 1570இல் இவான் மன்னன் படையோடு ப்ஸ்கோவ் நகருக்கு வந்தபோது, நிக்கோலாய் என்ற பித்தர் தவக்காலத்தில் அவனுக்குப் பச்சை இறைச்சியை நீட்டினாராம். தவக்காலத்தில் இறைச்சி உண்பதில்லை என்றானாம் மன்னன். மனித இரத்தம் மட்டும் குடிப்பாயோ என்று கேட்டாராம் பித்தர். கதை எப்படியிருந்தாலும் ஒன்று உறுதி. கசான் நகரை வென்ற பெருமைக்காக அதே இவான் மொஸ்கோவில் கட்டுவித்த பேராலயத்தை, அங்கே அடக்கம் செய்யப்பட்ட வசீலி என்ற பித்தரின் பெயராலேயே மக்கள் இன்றுவரை அழைக்கிறார்கள்.

எனக்கு நெருக்கமான உதாரணம் இதைவிட அண்மையானது. நான் வாழும் இடத்திலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரத்தில், ஒஸ்திரிய எல்லையில், சங்க்ட் றாடெகுண்ட் என்ற சிறு கிராமம் இருக்கிறது. பிரான்ஸ் யேகர்ஸ்ரெற்றர் அங்கே விவசாயி. 1907இல் பிறந்தவர். கிராமப் பாடசாலைக்கு மேல் படிக்கவில்லை. ஹிட்லரின் போர் அநீதியான போர், அதில் தன்னால் ஆயுதம் ஏந்த முடியாது என்று 1943 மார்ச்சில் மறுத்தார். மனைவியும் மூன்று சிறு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். ஊரார் விசர் என்றார்கள். பங்குக் குருவானவர் எச்சரித்தார். அவர் தேடிப்போய்ச் சந்தித்த லின்ஸ் நகர ஆயர்கூட, அரசு நடத்தும் போரின் நியாயம் குடிமகன் தீர்மானிக்கும் விடயமல்ல, குடும்பத்தைப் பார் என்ற பொருளிலேயே அறிவுரை சொன்னார். படித்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள். 1943 ஓகஸ்ட் 9ஆம் திகதி பிராண்டன்பேர்க் சிறையில் அவருடைய தலை வெட்டப்பட்டது. மனைவி பிரான்சிஸ்காவுக்குப் போர் விதவை உதவிப்பணம்கூட 1950 வரை கொடுக்கப்படவில்லை. அந்தத் தீர்ப்பை பேர்லின் நீதிமன்றம் நீக்கியது 1997இல். 2007இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. பிரான்சிஸ்கா அதைப் பார்க்க உயிரோடு இருந்தார்.

அவருடைய சாவு போரை ஒரு நாளாவது சுருக்கவில்லை. கணக்குப் பார்த்தால் அது வீண். ஆனால் 1943இல் அந்தப் பிரதேசத்தில் யாருடைய கணக்கு சரியாக இருந்தது?

இங்கே மூன்று மறுப்புகள் எழலாம். ஒன்று, இது அறிவை இகழ்வதாகாதா? இல்லை என்றே நினைக்கிறேன். பவுல் நன்றாக வாதிடத் தெரிந்தவர். யேகர்ஸ்ரெற்றர் தன் முடிவுக்கான காரணங்களைக் கொப்பிகளில் கேள்வி பதிலாக எழுதி ஆராய்ந்தவர். தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பயன்படும் அறிவே இங்கு விசாரணைக்கு உள்ளாகிறது. எதிலும் இரண்டு பக்கமும் பார்த்து, கடைசியில் முன் வாங்கிலேயே இருந்துவிடும் அறிவு அது. எனக்கு அதை நன்றாகத் தெரியும்.

இரண்டாவது மறுப்பு கனதியானது. சிலுவையைச் சும என்று அடிமைக்கும் பெண்ணுக்கும் போதித்து அவர்களை அடக்கி வைத்தார்களே? உண்மை. ஆனால் பவுல் இந்த அத்தியாயங்களைக் கொரிந்தின் பெருமைக்காரரை நோக்கி எழுதினார். மேலே இருப்பவனுக்குச் சொன்னதைக் கீழே இருப்பவனிடம் சொன்னால் அது பொய்யாகிவிடுகிறது. கடைசி வாங்கில் இருந்த பெண்களிடம் தாழ்மை பற்றி அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. தானே போய் அங்கே இருந்தார்.

மூன்றாவது நமது சமூகத்துக்கே உரியது. சாவைப் பாடிப் பழகியவர்கள் நாம். இதுவும் இன்னொரு தியாகிக் கதைதானே என்று கேட்கலாம். யேகர்ஸ்ரெற்றர் சாவைத் தேடவில்லை. ஆயுதமில்லாத மருத்துவப் பணிக்கு ஆயத்தம் என்று சொன்னார், அது ஏற்கப்படவில்லை. யாரையும் தன் பின்னால் வரச் சொல்லவில்லை. கொல்ல மறுத்ததன் விலையாகவே சாவு அவரிடம் வந்தது. இந்த வேறுபாட்டை நாம் ஆறுதலாக இருந்து பேசவேண்டும்.

அம்மா 1996இல், இடம்பெயர்ந்த இடத்தில் இறந்தார். என்னால் போக முடியவில்லை. தங்கையின் கல்யாணம் அந்த ஞாயிறுக்குப் பிறகு ஒருமுறை குழம்பியது, பின்பு வேறிடத்தில் நடந்தது. அதற்காக அம்மாவை நெடுங்காலம் குறை சொன்னவர்களில் நானும் ஒருவன்.

போன மாதம் ஒரு நண்பர் தொலைபேசியில் அழைத்தார். நாற்பது வருடங்களாக இடதுசாரி. மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஒருவனை விரும்புகிறாளாம். பொடியனின் குடும்பத்தை எனக்குத் தெரியும் என்பதால் விசாரித்தார். சுற்றிச் சுற்றிக் கதைத்து, கடைசியில் கேட்டார்: "அவை என்ன ஆக்கள்?"

எனக்குத் தெரியும். சொல்லவில்லை. தெரியாது என்று மழுப்பவும் இல்லை. "இதை நான் சொல்லமாட்டன், நீரும் கேட்கக்கூடாது" என்றேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "உமக்கு வயது போகப் போக விசர்."